நானூறு அடிக் குழியும் ஓர் அப்பளமும்

சங்கிலிமுத்து அப்பளம் சுட்டது ஒரு சனிக்கிழமையன்று. வெள்ளிக்கிழமை சுட்டிருந்தால் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஞாயிறு என்றால் அதுவும் இல்லை, மன்றத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை சுட்டுத் தொலைத்ததால் அவருக்கு மரண தண்டனை காத்திருந்தது. அதுவும் கல்லெறி தண்டனை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் புதுக்கொற்கைக்கு வந்ததில்லை என்று பொருள். சீரிஸ் என்ற குறுங்கோளில், பனிப்பாறைக்கு அடியில், தூத்துக்குடிப் பக்கத்துச் சனங்கள் குடைந்து குடியேறிய ஊர் அது. பனி வெட்டித் தண்ணீராக விற்பது தொழில். ஊர் என்று ஒன்று வந்தபின் சட்டம் வேண்டாமா? முதல் மன்றத்தார் உட்கார்ந்து உலகத்துச் சட்டங்களை எல்லாம் புரட்டினார்கள். எல்லாம் சவசவ என்று இருந்தன. கடைசியில் பண்டைய யூதச் சட்டம் கையில் அகப்பட்டது. முப்பதுக்கும் மேலான குற்றங்களுக்கு மரணம். தாய் தகப்பனைச் சபித்தால் மரணம். அடங்காப்பிடாரி மகனுக்கு மரணம். ஓய்வுநாளான சனிக்கிழமையில் தீ மூட்டினால் மரணம். கல், நெருப்பு, வாள், கயிறு என்று கொல்வதற்கே நாலு வழி. மன்றத்தாருக்கு மனம் பூரித்துப் போயிற்று. மூச்சுக்காற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ஊரில் தீ மூட்டுவது என்ன சின்ன விஷயமா? "இதான்வே சட்டம்!" என்று கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். படித்தது குற்றங்களை மட்டும்தான். பின்னால் நீளமாக இருந்த விசாரணை விதிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றை அப்படியே நடுவர் எந்திரத்துக்குள் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அந்த ஊரில் யூதர் என்று இருந்தது ஒரே ஒரு ஆள். ரிவ்கா, காற்று ஆலையின் பொறியாளர், பூர்வீகம் கொச்சி, பிறந்து வளர்ந்தது புதுக்கொற்கையில். "அண்ணாச்சி, ஓய்வுநாள் எங்க ஆளுங்களுக்கு விதிச்சது. மத்தவங்களை அது கட்டாது. முறைப்படி பாத்தா, சனிக்கிழமை தீ மூட்டுனதுக்குச் சாக வேண்டியவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்" என்று இப்போதைய மன்றத் தலைவர் லூர்துராஜிடம் அவள் பல தடவை சொல்லிவிட்டாள்.

"அது எப்படிம்மா? உன்னை மட்டும் தனியாச் சாக விட்டுருவோமா? சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்" என்றார் அவர் பெருந்தன்மையோடு.

கல்லெறி என்றால் ஆளுக்கொரு கல்லை எடுத்து வீசுவது என்றுதான் ஊரில் நினைத்திருந்தார்கள். விதி அப்படியில்லை. இரண்டு ஆள் உயரத்திலிருந்து முதலில் தள்ள வேண்டும். பிழைத்துக் கிடந்தால்தான் கல். சீரிஸில் இரண்டு ஆள் உயரத்திலிருந்து தள்ளினால் மனிதன் நிதானமாகத் தரையில் வந்து நின்று, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஈர்ப்பு அவ்வளவு சோப்ளாங்கி. பூமியில் விழும் வேகம் இங்கே வர வேண்டுமானால் எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, நானூறு அடிக்கு ஒரு குழி வெட்டினார்கள். அந்தக் காலத்தில் ஊருக்கே அதுதான் பெருமை. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். கலியாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் இருந்தது, உள்ளே விழத்தான் ஆள் கிடைக்கவில்லை. லூர்துராஜுக்கு அது பெரிய மனக்குறை.

ஆள் கிடைக்காததற்குக் காரணம் சனங்கள் இல்லை. அவர்கள் தங்களால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. குற்றம் செய்யப் போகிறவனை இரண்டு சாட்சிகள் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்: செய்யாதே, செய்தால் மரணம். அவன், "தெரியும், தெரிந்துதான் செய்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, அந்த மூச்சிலேயே செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டனை கிடையாது. விதி செய்தவர்கள் புத்திசாலிகள். எந்தப் பைத்தியக்காரன் அப்படி ஒரு பதிலைச் சொல்வான் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் புதுக்கொற்கைக்காரர்களைப் பார்த்ததில்லை.

சங்கிலிமுத்து ஊர்ப் பொதுச் சமையலறையின் சமையல்காரர். ஒரே மகள் பேச்சியம்மாள், மசக்கையில் கிடந்தாள். எது உள்ளே போனாலும் வெளியே வந்தது. "அப்பா, தணல்ல சுட்ட அப்பளம் ஒண்ணு தின்னா நிக்கும்போல இருக்கு" என்றாள். மின்னடுப்பில் வாட்டிக் கொடுத்தார். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். மசக்கை கிழமை பார்த்தா வருகிறது? அவர் எண்ணெய்த் திரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில், பக்கத்து அறைக்காரர்களான சுடலையாண்டியும் பிச்சுமணியும் உப்பு கேட்டு வந்தார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்குச் சனிக்கிழமை. தீ மூட்டுனா மரண தண்டனைலா?" என்றார் சுடலையாண்டி. நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். "ஆமா அண்ணாச்சி, வேண்டாம்" என்றார் பிச்சுமணியும்.

யாராவது ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால் அந்த ஊரில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. சங்கிலிமுத்து நிமிர்ந்தார்.

"தெரியும்வே. தெரிஞ்சுதான் சுடுதேன். என்ன செஞ்சிருவீரு?"

சொன்ன மூச்சிலேயே திரியைப் பற்ற வைத்தார். சாட்சிகள் இருவரும் ஆளுக்கு ரெண்டு அப்பளம் தின்றுவிட்டு, சங்கிலி என்னமாய்ப் பேசினான் என்று போகிற இடமெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தார்கள். மெச்சியது மன்றம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

மரண வழக்கென்றால் இருபத்து மூன்று நடுவர்கள். புதுக்கொற்கையில் அத்தனை பேரையும் எந்திரமே பார்த்துக்கொண்டது. ஒரே எந்திரத்தின் இருபத்து மூன்று பிரதிகள். ஊரார் நாற்பது வருடமாகப் பேசிய பேச்சை எல்லாம் ஊட்டி வளர்த்த எந்திரம், ஆகவே ஊரார் மாதிரியே பேசும். காற்று ஆலையைக் கவனிப்பதும் அதே எந்திரம்தான். இதற்கு முன் வந்த வழக்குகளில் இருபத்து மூன்றும் ஒரே குரலில் "குற்றவாளிதான்வே, இதுல என்ன சந்தேகம்?" என்று சொல்லியிருந்தன. சொன்ன பிறகும் எல்லாருமே விடுதலை ஆனார்கள். மன்றத்தார் மனம் இரங்கிவிட்டார்கள் என்று ஊர் நினைத்தது. லூர்துராஜ் மட்டும் ஒருநாள் உட்கார்ந்து விதிகளைப் படித்தார். படித்து முடித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு பிரதியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மனுஷரை உட்கார வைக்கப் போவதாக அறிவித்தார். வேண்டிய தகுதி ஒன்றே ஒன்று: யாரோடும் எதிலும் ஒத்துப்போகாதவராக இருக்க வேண்டும்.

ஊரே ஒரு பெயரைச் சொன்னது. பல் டாக்டர் தில்லைநாயகி.

தில்லைநாயகி மன்றக் கூட்டம் ஒன்றில்கூடக் கை தூக்கி ஆமோதித்ததில்லை. தண்ணீர்க் குழாயைக் கிழக்கே போடலாம் என்றால் மேற்கே என்பாள், சரி மேற்கே என்றால் குழாயே எதற்கு என்பாள். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே கருவியை விட்டுக்கொண்டு அரசியல் பேசுவாள். எதிராளி பதில் சொல்ல முடியாதது அவளுக்கு வசதியாக இருந்தது. எந்த விஷயத்தைக் கேட்டாலும் அவளிடம் பதில் உண்டு. அதில் அவள் மட்டும் விசேஷம் என்று சொல்ல முடியாது. அந்த ஊரில் யாரிடம் வழி கேட்டாலும் வழி சொல்வார்கள். அந்த இடத்தை வாழ்நாளில் பார்த்தே இராதவரும் நேரே போய் இடது பக்கம் திரும்பச் சொல்வார். தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு.

ஒரு மனுஷனைக் காப்பாற்றக் கிடைத்த இடம் என்று நினைத்துத்தான் தில்லைநாயகி அந்த நாற்காலியை ஏற்றாள். அப்பளத்துக்காக ஒருவனைக் குழியில் தள்ளுவதா? நினைக்கவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சாட்சிகளோ, குற்றம் நிரூபணமானால் முதலில் பிடித்துத் தள்ள வேண்டியவர்கள் சாட்சிகளே என்ற விதியை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டு, முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

புதியவர்தான் முதலில் பேச வேண்டும் என்பது முறை. பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாதல்லவா? தில்லைநாயகி எழுந்து வெளுத்து வாங்கினாள். மசக்கையின் மருத்துவம் சொன்னாள், ஒரு திரிக்கு எவ்வளவு காற்று செலவாகும் என்று சொன்னாள். தின்ற சாட்சியின் சொல் செல்லுமா என்று கேட்டாள். "நிரபராதி!" என்று முடித்தபோது கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த பேச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். தில்லைநாயகிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மீதி இருபத்திரண்டும் வரிசையாகச் சொல்லின. "குற்றவாளிதான்வே." "சந்தேகமே இல்ல." "தெரிஞ்சுதானே சுட்டாரு?"

தண்டிக்கும் தீர்ப்பை அன்றே எழுதக் கூடாது, ஓர் இரவு யோசிக்க வேண்டும் என்பதும் முறை. லூர்துராஜ் சபையை மறுநாளைக்கு ஒத்திவைத்தார். போகிறபோது தில்லைநாயகியைப் பார்த்து, "பிரமாதம் டாக்டரம்மா" என்று அவர் சொன்னது ஏனோ அவளுக்கு உறுத்தியது.

சாயங்காலம் ரிவ்கா வேலை உடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்தாள். பகல் முழுக்க ஆலையின் அடித்தளத்தில் கிடந்தவளுக்கு விஷயம் அப்போதுதான் எட்டியிருந்தது.

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க? அந்த மனுஷனைக் கொன்னுட்டீங்களே!"

"நானா? எனக்கு மட்டும்தான்ட்டி அவர் நிரபராதி."

"அதனாலதான் சாகப் போறாரு." ரிவ்கா நோயாளி நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். "எல்லா நடுவரும் ஒரே மாதிரி குற்றவாளின்னு சொன்னா, ஆளை விட்டுரணும். அதான் விதி. ஒருத்தனுக்காக ஒரு வார்த்தை பேச ஒருத்தருக்குமே தோணலைன்னா, அந்தச் சபை யோசிக்கவே இல்லைன்னு அர்த்தம். யோசிக்காத சபை உயிரை எடுக்கக் கூடாது. போன வழக்கு எல்லாம் எப்படி விடுதலையாச்சுன்னு நினைச்சீங்க? நீங்க பரிஞ்சு பேசினதால இன்னைக்கு இது யோசிச்ச சபை ஆயிருச்சு. தண்டனை செல்லும்."

லூர்துராஜ் ஏன் பாராட்டினார் என்பது தில்லைநாயகிக்கு இப்போது விளங்கியது. வாழ்நாள் முழுக்கப் பேசிய எதிர்ப்பேச்சில் ஒன்றுகூட எதையும் மாற்றியதில்லை, முதல் முதலாக ஒன்று வேலை செய்திருக்கிறது, அதுவும் ஒருவனைக் கொல்ல.

"அப்ப நாளைக்கு நானும் குற்றவாளின்னு சொல்லிருதேன். முடிஞ்சுது."

"முடியாதுக்கா. விடுவிக்கணும்னு பேசுனவங்க அப்புறம் நாக்கைப் புரட்டித் தண்டிக்கணும்னு பேசக் கூடாது. இந்த ஊர் எந்திரம் அதுல கறார்."

"இது என்ன சட்டம்? எல்லாப் பக்கமும் பூட்டு!"

"பூட்டத்தான் எழுதுனாங்க" என்றாள் ரிவ்கா. "முன்னால முப்பது குற்றத்தை எழுதி வச்சாங்க, பின்னால ஒருத்தனும் அந்தக் குழிகிட்டப் போகாத மாதிரி பூட்டா போட்டுக்கிட்டே வந்தாங்க. எழுபது வருஷத்துக்கு ஒருத்தனைக் கொன்னாலும் அது கொலைகாரச் சபைன்னு சொன்ன ஆளுங்கக்கா எங்க சட்ட குருமார், ரப்பிகள். இந்த ஊர்ல வந்து எல்லாப் பூட்டும் தலைகீழாத் திறந்துக்குது."

தில்லைநாயகி கருவித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு வழி இருக்கு" என்றாள் ரிவ்கா தயங்கித் தயங்கி. "நடுவர் ஒருத்தர் எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா அவர் சபையிலயே இல்லாத மாதிரி. தீர்ப்பு எழுத முடியாது. புதுசா ரெண்டு நடுவரைச் சேத்து மறுபடி கேக்கணும். அப்புறம் என்ன ஆகும்னு சொல்ல முடியாது, ஆனா நாளைக்குத் தள்ள முடியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னு."

தில்லைநாயகி அவளை முறைத்தாள். "எனக்குத்தான் தெரியுமே! தெரிஞ்சுக்கிட்டே எப்படிட்டி தெரியாதுன்னு சொல்ல? அதுவும் ஊர் முன்னால?"

"உண்மையிலேயே தெரியுமாக்கா?" என்று கேட்டாள் ரிவ்கா. "தெரிஞ்சுதான் செய்றேன்னு அவர் சொன்னது நிசம். சட்டம் செல்லுமா செல்லாதா? இப்படி ஒரு சட்டத்துல குற்றம்னா என்ன? எனக்கே தெரியல."

அதற்குத் தில்லைநாயகியிடம் உடனே ஒரு பதில் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. எதனாலோ விழுங்கிவிட்டாள்.

மறுநாள் சபையில் நிற்க இடமில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்திருந்தார்கள். சங்கிலிமுத்து கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீறாப்பு எல்லாம் வடிந்துபோய், மகளைப் பார்த்துவிடாமல் இருக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூர்துராஜ் தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, முதல்ல நீங்க."

தில்லைநாயகி எழுந்தாள். பேசத் தெரியாதவள்போல் நின்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறருடைய நாக்கை எத்தனையோ தடவை கருவியால் தள்ளிப் பிடித்தவள், தன் நாக்கை அசைக்க அன்று பட்டபாடு சொல்லி மாளாது.

"எனக்கு... தெரியாது."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையில் ஒருவர், "என்ன சொல்லுதா?" என்று பக்கத்தில் கேட்டார். பிறகு பேச்சியின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"நேத்து நிரபராதின்னீங்களே டாக்டரம்மா! உங்களை நம்பித்தானே இருந்தோம்! ஒரு ராத்திரியில எப்படித் தெரியாமப் போச்சு?"

விளக்கம் சொல்ல வாய் துறுதுறுத்தது. சொன்னால் தந்திரம் என்று ஆகிவிடும். தில்லைநாயகி பேச்சியின் கண்ணைப் பார்த்து, "தெரியாது தாயி" என்றாள் மறுபடி. இந்தத் தடவை அது பொய்யாக இல்லாததை உணர்ந்து அவளே அதிர்ந்தாள். அவமானத்தில் முகம் எரிந்தது, ஆனாலும் கண்ணீர் வந்தது வேறு எதற்கோ.

லூர்துராஜ் பல்லைக் கடித்தார். "அடுத்தவர்."

இரண்டாம் நடுவர் பேசவில்லை. எந்திரம் பதில் சொல்லத் தாமதித்ததை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

"அடுத்தவர்!"

"டாக்டரம்மா" என்றது எந்திரம், தலைவரை விட்டுவிட்டு. குரலில் ஒரு கூச்சம் இருந்தது. "அப்படியும் சொல்லலாமா?"

"எப்படி?"

"தெரியாதுன்னு. விதியில அப்படி ஒரு வார்த்தை இருக்கு, பாத்திருக்கேன். ஆனா ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல. நாற்பது வருசப் பேச்சைக் கேட்டு வளந்தவன் நான். யாரு எதைக் கேட்டாலும் பதில் சொல்லியாகணும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"சொல்லலாம்" என்றாள் தில்லைநாயகி. "கஷ்டமா இருக்கும். ஆனா சொல்லலாம்."

"அப்ப எனக்குந் தெரியாது" என்றது எந்திரம். அப்பாடா என்றிருந்தது அதன் குரல். அடுத்ததும் தெரியாது என்றது, அதற்கடுத்ததும். இருபத்திரண்டு பிரதிகளும் வரிசையாகத் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே போயின. கடைசிப் பிரதி, "சத்தியமாத் தெரியாதுவே" என்று அழுத்திச் சொன்னது.

விதிப்படி நடுவர்களைச் சேர்க்க வேண்டும். லூர்துராஜ் கூட்டத்திலிருந்து இருவரைக் கைகாட்டினார். ஒருவர் பனிவெட்டும் மேஸ்திரி. சபைக்கு நடுவில் வந்து நின்று, வழக்கம்போல ஏதோ அடித்துவிட வாயெடுத்தவர், எந்திரத்தைப் பார்த்தார், தில்லைநாயகியைப் பார்த்தார், சங்கிலிமுத்துவைப் பார்த்தார். "எனக்கும் தெரியாதுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். சுமையை இறக்கி வைத்த அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கூட்டத்தில் ஆளாளுக்குக் கை தூக்க ஆரம்பித்தார்கள். எனக்குந் தெரியாது, எனக்கும், நானும் சொல்லுதேன் என்று ஒரே கூச்சல். சாட்சிகள் இருவரும் எழுந்து, தாங்கள் எச்சரித்ததாகச் சொன்னதும் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். சபையை எழுபத்தொரு பேர் வரைக்கும் கூட்டலாம், அதற்கு மேல் பேசிப் பேசித்தான் தீர்க்க வேண்டும். சத்தியமாகத் தெரிந்த ஒருவர் கிடைக்கும்வரை வழக்கு நிலுவையில் இருக்கும் என்று எழுதிவிட்டு லூர்துராஜ் எழுந்து போனார். சங்கிலிமுத்து மகளைத் தோளில் தாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலை அவருக்கு வீங்கியிருந்த கடைவாய்ப் பல்லைத் தில்லைநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் பஞ்சை அடைத்து, முந்தின நாள் நடந்ததை அவருக்கே விளக்கிக்கொண்டிருந்தபோது ரிவ்கா உள்ளே வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கையில் ஒரு ரப்பர் வளையம்.

"அக்கா, தினமும் காலையில எந்திரத்துக்கிட்ட ஆலை எப்படி இருக்குன்னு கேப்பேன். எல்லாம் ஜோரா இருக்குன்னு சொல்லும். நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அதே பதில்தான்." கையிலிருந்த வளையத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு மூணாம் வால்வு எப்படி இருக்குன்னு கேட்டேன். தெரியாது, போய்ப் பாருங்கன்னுச்சு. போய்ப் பாத்தேன். இதைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டிட்டு வந்தேன்."

வளையத்தை நீட்டினாள். தில்லைநாயகி விரலால் தொட்டாள். தொட்ட இடத்தில் அது பொடிந்து கையோடு வந்தது. இன்று காலை வரை அதற்கு அந்தப் பக்கம் ஊரின் மொத்தக் காற்று, இந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"தெரியாதுக்கா."

தில்லைநாயகி விரலில் ஒட்டிய பொடியைத் தட்டினாள். "மத்த வால்வு?"

"கேட்டேன். எல்லாத்துக்கும் தெரியாதுன்னுதான் சொல்லுது."

தில்லைநாயகி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, "வா, போய்ப் பாப்போம்" என்று கிளம்பினாள். சங்கிலிமுத்து வாயில் பஞ்சோடு எழுந்து அவர்களுக்குப் பின்னால் ஓடினார்.